ரெண்டில் ஏழு போகாது

செம்பூரை ஒட்டிய எங்கள் திலக் நகருக்கு ஒரு கணக்கு வாத்தியாரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். திலகர் என்றால் தலைப்பாகை, மீசை, சுயராஜ்யம், வீதிக்கு வீதி கணபதி மண்டல், இவ்வளவுதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மனிதர் 1877-ல் புனே டெக்கான் கல்லூரியில் கணிதத்தில் முதல் வகுப்பில் பி.ஏ. தேறியவர். 1880-ல் நண்பர்களோடு சேர்ந்து நியூ இங்கிலீஷ் ஸ்கூலைத் தொடங்கி, அங்கே பையன்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர். ஹார்பர் லைனில் குர்லாவுக்கு அடுத்து இறங்குகிற கூட்டத்தில், நாம் ஒரு கணக்கு வாத்தியார் வீட்டு வாசலில் இறங்குகிறோம் என்ற பயம் ஒருத்தர் முகத்திலும் தெரிவதில்லை.

மகாராஷ்டிரத்தில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரிந்த நிலக்கடலைக் கதை ஒன்று உண்டு. வகுப்பில் யாரோ கடலை தின்று தொலியைத் தரையில் போட்டுவிட்டார்கள். எல்லோரும் பொறுக்குங்கள் என்றார் வாத்தியார். சின்னத் திலகர் மட்டும், நான் தின்னவில்லை, அதனால் பொறுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாராம். நேர்மைக்கும் துணிச்சலுக்கும் உதாரணமாக இதைச் சொல்வார்கள். எனக்கென்னவோ இது கழித்தல் கணக்கின் மீது எழுப்பப்பட்ட ஆட்சேபணையாகத்தான் படுகிறது. 52-ல் 17-ஐக் கழி என்கிறார்கள். ஒன்றாம் இடத்தில் இருக்கும் 2-க்கு வக்கில்லை, 7 கேட்டால் கொடுக்க முடியவில்லை. அது அவன் பாடு. பத்தாம் இடத்தில் சிவனே என்று உட்கார்ந்திருக்கும் 5 எதற்காகத் தன் சொத்தில் ஒன்றை அழித்துக்கொள்ள வேண்டும்? கடலை தின்றது யார், தொலி பொறுக்குவது யார்?

உலகம் முழுக்க ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கணக்கோடு முதன்முதலாகச் சண்டை போடுகிற இடம் இதுதான். கூட்டலில் அழுத பிள்ளையை நான் பார்த்ததில்லை. விரல் தீர்ந்தால் கால் விரல், அதுவும் தீர்ந்தால் தம்பியின் விரல். கழித்தல் அப்படி இல்லை. அதன் வரலாற்றைப் புரட்டினால் இன்னொன்றும் தெரிகிறது: பெரியவர்களும் கழித்ததில்லை. சுமார் ஆயிரத்தைந்நூறு வருஷமாக மகா மேதைகள் உட்பட எல்லோரும் கழிக்காமல் தப்பிக்கத்தான் வழி தேடியிருக்கிறார்கள். தேடிய வழிகளைத் தொகுத்து, அதற்குக் கழித்தல் பாடம் என்று பெயர் வைத்து, பிள்ளைகள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

திலகர் மட்டும் விதிவிலக்கு. கழிப்பதில் அவருக்கு ஓர் ஆசையே இருந்தது. 1893-ல் ‘ஓரியன்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடம் நட்சத்திரங்களுக்கு நடுவே சுமார் 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் பின்னால் நகர்கிறது. வேதத்தில் அந்த இடம் மிருகசீரிஷத்துக்குப் பக்கத்தில் இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது என்றார். இன்றைய இடத்திலிருந்து அன்றைய இடத்தைக் கழி, பாகைக்கு 72 வருஷம் போடு, வந்துவிட்டது வேதத்தின் வயது: கி.மு. 4000 சுமார். பத்து வருஷம் கழித்து, 1903-ல், இன்னும் கொஞ்சம் கழித்துப் பார்த்தார். கணக்கு பனியுகத்தைத் தாண்டிப் போய் வட துருவத்தில் நின்றது. வேதகால முன்னோர்கள் ஆறு மாதம் இருட்டில் வாழ்ந்தவர்கள் என்று அந்த இரண்டாவது புத்தகம் சொன்னது. ஆராய்ச்சி உலகம் அதை மரியாதையாக அலமாரியில் வைத்துவிட்டது. மே மாதம் செம்பூர் வெயிலில் மின்விசிறி நின்றுபோகும்போது மட்டும் அந்த வாதத்தில் ஒரு கவர்ச்சி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிரிட்டிஷ் சர்க்காருக்கும் திலகருக்கும் நடந்ததும் கழித்தல்தான். 1908-ல் அவர் வாழ்நாளிலிருந்து ஆறு வருஷத்தைக் கழித்து மாண்டலே சிறைக்கு அனுப்பினார்கள். பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் என்று ஆறு நாள் வேலையை நிறுத்தினார்கள். அதே வருஷம் அவருடைய தூத்துக்குடிச் சீடர் வ.உ.சி.க்கு வெள்ளைக்கார நீதிபதி இருபதும் இருபதும் நாற்பது என்று கூட்டல் போட்டார். மேல்முறையீட்டில் அதில் பெரும் பகுதி கழிந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். அதற்குள் அவருடைய கப்பல் கம்பெனி முழுசாகக் கழிந்துவிட்டிருந்தது.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். தமிழ் முன்னோர்கள் கடன் வாங்கிக் கழிக்கிற வம்பிலேயே மாட்டவில்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து வைத்துக்கொண்டார்கள். இடமும் இல்லை, சுழியும் இல்லை. இடமே இல்லாதபோது பக்கத்து இடத்தில் போய்க் கடன் கேட்பது எப்படி? ஆகவே திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் மனப்பாடம். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று விடியற்காலையிலிருந்து கத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மேலே போனதைவிட ஒன்றுக்குக் கீழே போனதுதான் அதிகம். மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. முந்திரியையும் முந்நூற்றிருபதாக உடைத்துக் கீழ்முந்திரி என்று ஒன்று வைத்தார்கள். அதை வைத்து எந்தப் பொருளை அளந்தார்கள் என்று கேட்கக் கூடாது. வரி போடுகிறவனுக்குத் தெரியும்.

ஒன்றில் மாகாணி போனால் எவ்வளவு? பதினாறில் பதினைந்து. இதற்கு நம் ஆட்கள் சொன்ன விடை, முக்காலே மூணு வீசம். வீசம் என்றாலும் மாகாணிதான். கவனியுங்கள், முக்காலோடு மூன்று வீசத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கழித்தல் கேள்விக்குக் கூட்டலில் பதில். இன்றைக்கும் ஊரில் ‘முக்காலே மூணு வீசம் பேர் வந்துட்டாங்க’ என்று சொல்லும் பாட்டிக்குத் தான் ஒரு பின்னக் கணக்கை ஏமாற்றிக்கொண்டிருப்பது தெரியாது.

நெல்லளவில்தான் சிக்கல். எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். குதிரில் மூன்று கலம் நெல். எலி ஒரு நாழி தின்றுவிட்டது. மிச்சம் எவ்வளவு? இரண்டு கலம், இரண்டு தூணி, ஒரு பதக்கு, ஒரு குறுணி, ஏழு நாழி. எலி தின்ற நெல்லைவிட அதை எழுத வெட்டிய ஓலை அதிக விலை போயிருக்கும். கலத்தை உடைத்தால் மூன்று, தூணியை உடைத்தால் இரண்டு, பதக்கை உடைத்தாலும் இரண்டு, குறுணியை உடைத்தால் எட்டு. இத்தனையையும் எட்டு வயதுப் பையன் வாய்க்கணக்காகச் சொல்ல வேண்டும். தவறினால் பிரம்பு.

பிரம்பிலும் ஒரு கழித்தல் இருந்தது. 1823-ல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் தன் ஜில்லாவின் நாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சென்னை சர்க்காருக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருபவன் கையில் ஒரு சுழி. புகழும் இல்லை, பழியும் இல்லை என்று அர்த்தம். மூன்றாவது வருபவனுக்கு மெதுவாக ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடுதல். ஆக, உனக்கு எத்தனை அடி என்று தெரிய வேண்டுமானால் நீ வந்த வரிசையிலிருந்து இரண்டைக் கழித்துக்கொள். பத்தாவது வந்தவனுக்கு எட்டு. இரண்டாவது வந்தவனுக்குச் சுழி. முதலில் வந்தவனுக்கு? ஒன்றில் இரண்டு போனால் மைனஸ் ஒன்று. மைனஸ் ஒரு அடிதான் சரஸ்வதி. இதைவிடத் தெளிவாகக் குறை எண்ணை விளக்கிய பாடப்புத்தகம் எதையும் நான் பார்க்கவில்லை.

ராஜஸ்தானத்துப் பின்மாலில் 628-ல் தன் நூலை எழுதிய பிரம்மகுப்தர் இதைக் கேட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். மிகை எண்ணைச் சொத்து என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்து, சுழியிலிருந்து கடனைக் கழித்தால் சொத்து என்று விதி எழுதியவர் அவர். சேட்டுக் கடைக் குமாஸ்தாவுக்கு உடனே புரிகிற இந்த விஷயம் ஐரோப்பாவுக்குப் புரிய ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1758-ல் கூட மசேரஸ் என்ற ஆங்கில வக்கீல், குறை எண்ணே கூடாது என்று ஒரு முழுப் புத்தகம் போட்டார். கடனே இல்லாத வக்கீல் போலிருக்கிறது. கழித்தல் குறிக்கும் சரியான ஜாதகம் அமையவில்லை. 1489-ல் லைப்சிகில் விட்மன் அச்சிட்ட புத்தகத்தில்தான் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இன்றைய குறிகள் முதலில் அச்சேறின. ஆனால் பெஷாவர் பக்கம் பக்ஷாலி கிராமத்தில் 1881-ல் மண்ணிலிருந்து கிடைத்த பழைய கணக்குச் சுவடியில் குறை எண்ணுக்குப் போட்டிருக்கும் அடையாளம் எது தெரியுமா? கூட்டல் குறி. இன்று மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் அப்படிப் போட்டால் டைரியில் எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கேம்பெல்லுக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரர் நம் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்திருந்தார். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-லிருந்து எழும்பூரில் அநாதைப் பையன்கள் விடுதியை நடத்திவந்தார். ஒரு நாள் வழியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் சம்பள வாத்தியார் எதற்கு என்று அவருக்கு ஞானம் பிறந்தது. நம் சட்டாம்பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு போய், 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். ‘மதராஸ் முறை’ என்றே பெயர். கொஞ்ச காலத்திலேயே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, ஒரு சட்டாம்பிள்ளை கையில் தாளை வைத்துக்கொண்டு வழியையும் விடையையும் வாசிக்க வாசிக்க, கழித்தலை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவருடைய போட்டியாளர் லங்காஸ்டர் சேட்டை செய்யும் பையனைக் கூடையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டார். நம் திண்ணையில் அதற்குக் கோதண்டம் என்று பெயர், கூடை மட்டும் கிடையாது. இப்படி இங்கிருந்து போனது கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு நவீன இங்கிலீஷ் கல்வி என்று திரும்பி வந்தது. நாமும் ஃபீஸ் கட்டிச் சேர்ந்தோம்.

பம்பாய்க்கு வந்த தமிழனுக்குக் கழித்தல் ரயிலிலேயே தொடங்கியது. அந்தக் காலத்தில் சென்னைக் கடிகாரமும் பம்பாய்க் கடிகாரமும் வேறு. சென்னையில் மணி பத்து என்றால் பம்பாயில் ஒன்பதரை. ரயில்வேக்காரர்கள் நாடு முழுக்க மதராஸ் நேரத்தை வைத்திருந்தார்கள். பம்பாய்க்காரர்கள் தங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே நம் நேரத்துக்குத்தான் வண்டி பிடிக்க வேண்டியிருந்தது என்று நினைக்கும்போது ஓர் அற்ப சந்தோஷம். 1880-களின் தொடக்கத்தில் கவர்னர் ஃபெர்குசன் மதராஸ் நேரத்தை ஊருக்கே வைக்கப் பார்த்தார். பம்பாய் சண்டைக்கு நின்றது. 1906-ல் இந்தியா முழுக்க ஒரே நேரம் என்று அறிவித்தபோதும் நகரசபை மசியவில்லை. பம்பாய் நேரம் அதைவிட 39 நிமிஷம் பின்னால், அதுதான் எங்கள் நேரம் என்று சுதந்திரம் வந்த பிறகும் சில வருஷம் பிடிவாதமாக இருந்தார்கள். அரை மணி, ஒரு மணி என்றால் பரவாயில்லை. 39! ஆபீசுக்குப் போகிற ஒவ்வொரு குமாஸ்தாவும் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து 39-ஐக் கழித்து, மானேஜர் எந்தக் கடிகாரக் கட்சி என்று யோசித்து, அதற்கேற்ப ஓடவோ நடக்கவோ வேண்டும். இன்று திலக் நகரில் கல்யாணத்துக்கு 39 நிமிஷம் தாமதமாக வருகிறவர்களைப் பழைய நகரசபையின் தொண்டர்கள் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

அணா காலத்துக் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் நம் தாத்தா பாட்டிகள் மீது மரியாதை வரும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஐந்து ரூபாய் மூன்று அணா நான்கு தம்பிடியில் இரண்டு ரூபாய் பதினோரு அணா ஒன்பது தம்பிடி செலவு. நான்கில் ஒன்பது போகாது. ஒரு அணாவை உடை, பன்னிரண்டும் நாலும் பதினாறு, அதில் ஒன்பது போனால் ஏழு தம்பிடி. அணா இப்போது இரண்டு, அதில் பதினொன்று போகாது. ஒரு ரூபாயை உடை, பதினாறும் இரண்டும் பதினெட்டு, அதில் பதினொன்று போனால் ஏழு அணா. நாலு ரூபாயில் இரண்டு போனால் இரண்டு. மிச்சம் இரண்டு ரூபாய் ஏழு அணா ஏழு தம்பிடி. ஒரே கணக்கில் ஒரு பக்கம் பன்னிரண்டாக உடைகிறது, அடுத்த பக்கம் பதினாறாக உடைகிறது. இதை மாட்டுங்காவிலும் தாராவியிலும் மளிகைக் கடை வாசலில் நின்றபடி, இடுப்பில் ஒரு பிள்ளையோடு, மனசுக்குள் போட்டார்கள். கடைக்காரர் ஒரு தம்பிடி ஏமாற்றினால் தெரு கூடிவிடும்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி அது முடிந்தது. ரூபாய்க்கு நூறு நயா பைசா. முட்டாள்கள் தினத்தில் தொடங்கியதால் பலர் நம்பவில்லை என்றால் நானும் நம்புவேன். ஓர் அணா என்பது கணக்குப்படி ஆறே கால் நயா பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓர் அணாவுக்கு 6, மூன்று அணாவுக்கு 19 என்று சர்க்கார் பட்டியல் போட்டது. மூன்று ஓரணாவைத் தனித்தனியாக மாற்றினால் 18, சேர்த்து மாற்றினால் 19. பதினாறு ஓரணாவைத் தனித்தனியாக மாற்றினால் 96. மிச்ச நாலு பைசா எங்கே? கழித்தல் வரலாற்றில் விடை கிடைக்காத கேள்விகளில் இதுவும் ஒன்று. கடைக்காரர்களிடம் விசாரித்திருக்கலாம்.

இனிப் பாட்டிக்கும் பேரனுக்கும் நடந்த போர். எங்கள் காலனியின் பழைய கட்டடம் ஒன்றில் நான் கண்ணால் பார்த்தது. பேரன் நோட்டில் 52, அதன் கீழே 17. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ரெண்டுல ஏழு போகாது. பன்னெண்டுல ஏழு போனா?”

“அஞ்சு பாட்டி.”

“எழுது. கடன் வாங்கினோமில்ல, கீழ இருக்கிற ஒண்ணோட ஒண்ணு கூட்டு. ரெண்டு. அஞ்சுல ரெண்டு போனா மூணு. முப்பத்தஞ்சு.”

“ஐயோ பாட்டி, கீழ கூட்டக் கூடாது. மேல இருக்கிற அஞ்சை அடிச்சு நாலு போடணும். டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க.”

“ஏன்டா அடிக்கணும்? அந்த அஞ்சு உன்னை என்ன பண்ணித்து?”

“கடன் வாங்கினா அதுகிட்ட குறையும்ல!”

“கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கணும். குடுத்தாச்சு, கீழ குடுத்தாச்சு. உங்க டீச்சர் வாங்கறா, திருப்பறதே இல்லையே?”

சமையலறையிலிருந்து அம்மா, “ரெண்டு பேருக்கும் முப்பத்தஞ்சுதானே வருது, விடுங்களேன்” என்றாள். இரண்டு பக்கமும் அவளை முறைத்தார்கள். விடை சரியாக வருவதெல்லாம் கணக்கில் ஒரு பெரிய விஷயமே அல்ல என்பது அவளுக்குத் தெரியவில்லை.

பாட்டி சொன்ன வழியில் ஒரு மாயமும் இல்லை. மேலே பத்து ஒன்றாம் இடத்தில் கூடியது, கீழே ஒரு பத்து பத்தாம் இடத்தில் கூடியது. இரண்டு பேர் வயதிலும் பத்து ஏறினால் வித்தியாசம் மாறாது, அவ்வளவுதான். இங்கிலாந்திலும் நம் ஊரிலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இப்படிப் போட்டார்கள், ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியாமல். பேரன் வழி, பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துக் கொடுக்கிற வழி. 1939-ல் அமெரிக்காவில் வில்லியம் பிரவுனெல் என்ற கல்வியாளர் பிள்ளைகளை வைத்துச் சோதித்து, 5-ஐ அடித்து மேலே பொடி எழுத்தில் 4 போடுவது தப்பில்லை, அது ஊன்றுகோல், பழகியதும் பிள்ளைகள் தானாகவே விட்டுவிடுவார்கள் என்றார். அதன் பிறகு அங்கே பேரன் கட்சி ஜெயித்தது. பிரிட்டனில் பாட்டி கட்சி இன்னும் பல வருஷம் ஆட்சியில் இருந்தது. தாராவி மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி ஆனாலும் செம்பூர் கான்வென்ட் ஆனாலும் இன்று குச்சிக் கட்டுதான்.

ஆனால் குச்சிக் கட்டு சுழிகளிடம் படுகிற பாட்டைப் பாருங்கள். 1000-ல் 347-ஐக் கழி. ஏழு கேட்டால் முதல் சுழி, என்னிடம் இல்லை, பக்கத்துக் கவுன்ட்டர் என்கிறது. பக்கத்துச் சுழி, அடுத்த கவுன்ட்டர் என்கிறது. அதுவும் சுழி, ஆபீசரைப் பார்க்கச் சொல்கிறது. கடைசியில் ஆபீசர் ஒன்று தன்னையே அழித்துக்கொண்டு பத்தைக் கீழே அனுப்ப, ஒவ்வொரு கவுன்ட்டரும் ஒன்பதை எடுத்துக்கொண்டு ஒன்றைத் தள்ளிவிட, ஒருவழியாகக் கடைசி ஆளுக்குப் பத்து வந்து சேர்கிறது. பாட்டி இதற்குள் 653 எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பாள்.

1960-களில் அமெரிக்காவில் ‘நியூ மேத்’ என்று ஒரு அலை வந்தது. பிள்ளைகளுக்குக் கணக்கு வந்தால் போதாது, புரியவும் வேண்டும் என்றார்கள். பத்தாக மட்டும் ஏன் உடைக்க வேண்டும், எட்டாக உடைத்துப் பழகட்டுமே என்று பாடம் வைத்தார்கள். பெற்றோர்கள் பதறினார்கள். டாம் லேரர் என்ற கணக்கு வாத்தியார் 1965-ல் 342-ல் 173-ஐக் கழிப்பதை ஒரு கேலிப் பாட்டாகவே பாடி, பிறகு அதையே எட்டாக உடைத்தும் போட்டுக் காட்டினார். அமெரிக்கா விழுந்து விழுந்து சிரித்தது. பன்னிரண்டாகவும் பதினாறாகவும் ஒரே வரியில் உடைத்துக் கீரை வாங்கிய நம் பாட்டிகளுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே புரிந்திருக்காது. அமெரிக்கா பெரிய புரட்சி என்று பிடித்துக்கொண்டதை நாம் தொல்லை என்று 1957-லேயே தூக்கிப் போட்டாயிற்று.

கழிக்காமல் தப்பித்தவர்களில் தலைசிறந்தவர் பாஸ்கல். அப்பா பிரான்சில் ரூவான் நகரத்து வரி அதிகாரி. ராத்திரியெல்லாம் கூட்டிக் கழித்துக் கண் வீங்கிய அப்பாவுக்காக, பத்தொன்பது வயதில், 1642-ல், பல்சக்கரங்கள் வைத்த ஒரு கணக்குப் பெட்டியைச் செய்யத் தொடங்கினார். ஒரே ஒரு குறை. சக்கரம் முன்னால்தான் சுற்றும், பின்னால் சுற்றாது. கழித்தல் வராது. வேறு யாராக இருந்தாலும் பெட்டியைத் திருத்தியிருப்பார்கள். பாஸ்கல் கணக்கைத் திருத்தினார். கழிக்க வேண்டிய எண்ணுக்குப் பதில், ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒன்பதை நிரப்பும் எண்ணை எடுத்துக் கூட்டிக்கொள் என்று வைத்துவிட்டார்.

இதே சூட்சுமத்தை வேதத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னவர் நம் திருநெல்வேலிக்காரர். 1884-ல் அங்கே வெங்கடராமனாகப் பிறந்து, பிற்பாடு பூரி சங்கராச்சாரியாரான பாரதி கிருஷ்ண தீர்த்தர். அவர் மறைவுக்குப் பின் 1965-ல் வெளிவந்த ‘வேத கணிதம்’ புத்தகத்தில் ஒரு சூத்திரம்: எல்லாவற்றையும் ஒன்பதிலிருந்து, கடைசியை மட்டும் பத்திலிருந்து. 1000-ல் 347 போக வேண்டுமா? மூன்றுக்கு ஆறு, நான்குக்கு ஐந்து, ஏழுக்கு மூன்று. 653. கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைய வேண்டாம். டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக் கணிதப் பேராசிரியர் எஸ்.ஜி. தானி, நல்ல சூத்திரம்தான், ஆனால் வேதத்தில் இது எங்கே இருக்கிறது என்று கேட்டார். விளக்கம் வேதத்திலிருந்து வரவில்லை. தாராவித் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சூத்திரம் படிக்காமலே அவர்கள் கடை நடத்துவதைப் பார்த்தால், இதில் வேதத்தைவிடத் தாமிரபரணித் தண்ணீருக்குத்தான் பங்கு அதிகம் என்று தோன்றுகிறது.

கம்ப்யூட்டரும் இந்தக் கட்சிதான். அதற்குள் இருப்பது கூட்டுகிற சர்க்கியூட். கழி என்றால், எண்ணில் 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் புரட்டி, ஒன்றைச் சேர்த்து, கூட்டிவிட்டு, கழித்ததாகக் காட்டுகிறது. பாஸ்கல் பத்தில் செய்ததை அது இரண்டில் செய்கிறது.

திலக் நகர் மார்க்கெட்டில் காய்கறி விற்கும் மராத்திக்கார மாவ்ஷி சக்கரமும் இல்லாமல் சூத்திரமும் இல்லாமல் இதையே செய்கிறாள். 37 ரூபாய்க்குக் காய் வாங்கி நூறு ரூபாய் நோட்டை நீட்டுங்கள். 63 என்ற எண் அவள் மனசில் உதிப்பதே இல்லை. மூன்று ரூபாய்ச் சில்லறையை உங்கள் கையில் வைத்து “சாளீஸ்” என்பாள். ஒரு பத்தை வைத்து “பன்னாஸ்”. ஓர் ஐம்பதை வைத்து “ஷம்பர்”. முடிந்தது. முப்பத்தேழிலிருந்து நூறு வரை ஏறிப் போயிருக்கிறாள், இறங்கவே இல்லை. கொத்தமல்லியைப் பறித்து மேலே போடும்போதும் கணக்கு விட்டுப் போகாது. பிரம்மகுப்தர், பாஸ்கல், சங்கராச்சாரியார் மூன்று பேரையும் அவள் கடை முன்னால் வரிசையில் நிற்க வைத்தால், மூவரும் மரியாதையாகப் பையைத்தான் நீட்டியிருப்பார்கள்.

அந்த மாவ்ஷியையே ஒரு கழித்தல் தோற்கடித்தது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி, நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதத்தைச் சர்க்கார் ஒரே பேச்சில் கழித்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, பதிலுக்கு இரண்டாயிரம் ரூபாய் நோட்டு வந்தது. இளஞ்சிவப்பு, புது வாசனை. 2000-ல் 40-ஐக் கழி. மூன்றாம் வகுப்புப் பையனுக்குக் கூட விடை தெரியும், 1960. ஆனால் அந்த 1960 மார்க்கெட்டில் யாரிடமும் இல்லை. “சுட்டா நாஹி”, சில்லறை இல்லை என்றாள் மாவ்ஷி. பக்கத்துக் கடையிலும் சுட்டா நாஹி. அதற்கடுத்த கடையிலும் நாஹி. ஆயிரத்தில் முந்நூற்று நாற்பத்தேழு கேட்ட சுழிகள் மாதிரி வரிசையாகக் கையை விரித்தார்கள். ஆபீசர் ஒன்று பேங்க் வாசலில் நீளமான க்யூவுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. கடைசியில் அவள் கண்டுபிடித்த வழி, காயைக் கொடுத்துவிட்டுத் தெரிந்த முகம் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்தது. பிரம்மகுப்தரின் கடன் கணக்கு. அந்த ரோஜாக் கலர் நோட்டையும் 2023 மே மாதம் கழித்துவிட்டார்கள்.

இப்போது அவள் தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. போனை நீட்டி ஸ்கேன் செய்தால், இன்ன ரூபாய் வந்தது என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி கத்துகிறது. கொடுத்தவன் கணக்கில் மிச்சம் எவ்வளவு என்பதை மட்டும் அது சொல்லாது. மாசக் கடைசியில் அதையும் அதே குரலில் கத்தத் தொடங்கினால், திலக் நகரில் முக்காலே மூணு வீசம் பேர் மறுபடி நோட்டில் கோடு போட்டுக்கொள்ளத்தான் போவார்கள்.